புதன்கிழமை இரவுக்கு முன்

பிரிட்டனில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் புதன்கிழமை மதியத்துக்குப் பிறகு வகுப்பு வைப்பதில்லை. அந்த அரை நாள் விளையாட்டுக்கு. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான லீக் ஆட்டங்களில் பெரும்பாலானவை அன்றுதான் நடக்கும். ரக்பி, ஹாக்கி, நெட்பால், பேட்மின்டன், ஃபென்சிங் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள். மாலையில் ஆட்டம் முடிந்து, குளித்து, கிளப் டை கட்டிக்கொண்டு அணிகள் மாணவர் சங்கத்தின் பாருக்கு வந்துசேரும். அந்த ஊருக்குப் புதிதாக வந்த மாணவருக்கு நல்ல நண்பர்கள் கிடைக்கும் வாரம் இப்படித்தான் அமைகிறது. அவர் உயிருக்கு ஆபத்து வருவதும் இதே வாரத்தில், ஆட்டம் முடிந்த பிறகு.

கிளப்பில் சேராதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. சேர வேண்டும். செப்டம்பர் கடைசியில் சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ போய் இறங்கும் பிள்ளைக்கு, அக்டோபர் கடைசியில் ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும் ஊரில், வாரத்துக்கு மூன்று தடவை தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இருப்பது சாதாரண விஷயம் அல்ல. முதல் வாரத்தில் நடக்கும் கிளப் சந்தையில் மேசை மேசையாகப் போய்ப் பார்த்து, இலவசமாக ஒரு நாள் ஆடிப் பார்த்து, பிடித்த கிளப்பில் பெயர் கொடுப்பது அந்த ஆண்டின் மிக நல்ல முடிவாகவே இருக்கலாம். எச்சரிக்கை அந்த முடிவைப் பற்றியது அல்ல. சேர்ந்த மூன்றாம், நான்காம் வாரத்தில் புதிய உறுப்பினர்களுக்கென்று சடங்காக வைக்கப்படும் ஒரே ஓர் இரவைப் பற்றியது.

அந்த இரவு ஏன் தேவையே இல்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். சேர்ந்து ஆடுவது மனிதர்களை நெருக்கமாக்கும் என்பது வெறும் நம்பிக்கை அல்ல, அளந்து பார்க்கப்பட்ட ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டில் படகுப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த துடுப்பு வீரர்கள் 12 பேரை வைத்து அங்குள்ள ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். துடுப்புப் பயிற்சி இயந்திரத்தில் 45 நிமிடம் தனியாக ஒரு நாள், அணியோடு ஒரே தாளத்தில் இன்னொரு நாள். இரண்டு நாளும் ஒரே அளவு உழைப்பு. முடிந்ததும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி இறுக்கிக்கொண்டே போய், எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். சேர்ந்து துடுப்புப் போட்ட நாளில் கூடுதலாகத் தாங்கினார்கள். உடல் தானே சுரக்கும் எண்டார்ஃபின்தான் காரணம் என்று அவர்கள் கருதினார்கள். தாளம் சேர்ந்து உழைக்கும்போது சுரக்கும் அதுவே, கூட உழைத்தவரோடு ஒட்டுதலையும் உண்டாக்குகிறது என்பது அவர்கள் விளக்கம். ஆய்வு சிறியது. ஆனால் வயலில் நாற்று நட்டவர்களுக்கும் தேர் வடம் பிடித்தவர்களுக்கும் இந்த முடிவு புதிதாக இருக்காது.

இரண்டாவது கணக்கு மணி நேரம் பற்றியது. அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால், அறிமுகம் நட்பாக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார். முகம் தெரிந்தவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம். நண்பர் என்று தயங்காமல் சொல்ல 90 மணி நேரம். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல். ஒரே இடத்தில் வேலை பார்த்த நேரம் இந்தக் கணக்கில் அவ்வளவாக எடுபடவில்லை. சேர்ந்து பொழுது போக்கிய நேரம்தான் எடுபட்டது.

கிளப்புக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி, தலா இரண்டு மணி நேரம். புதன்கிழமை ஆட்டம், போக வர வேன் பயணத்தோடு நான்கைந்து மணி நேரம். ஆக வாரத்துக்கு எட்டு, ஒன்பது மணி. 50 மணியைத் தொட ஆறு வாரம் ஆகும். செப்டம்பர் கடைசியில் சேர்ந்தவருக்கு நவம்பர் முதல் வாரத்தில் பேர் சொல்லிப் பேசும் நண்பர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். வசந்த காலத்தில் ஒருவரோ இருவரோ வாழ்நாள் நண்பராகும் தூரத்துக்கு வந்திருப்பார்கள். இதற்கு எந்தச் சடங்கும் வேண்டியதில்லை, தவறாமல் பயிற்சிக்குப் போனால் போதும். சடங்கு இரவு வருவதோ அக்டோபர் நடுவில், இருபது முப்பது மணி நேரப் பழக்கம் மட்டுமே இருக்கும்போது. எதிரே நிற்பவரின் பெயர் சரியாக மனதில் பதியாத, ஆனால் அவர் தன்னை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஏக்கம் உச்சத்தில் இருக்கும் வாரம் அது.

அழைப்பு வாட்ஸ்அப்பில் வரும். புதியவர்கள் மட்டும் இந்த உடையில் வர வேண்டும், இத்தனை மணிக்கு இன்னார் வீட்டுக்கு, இந்தப் பாட்டிலைக் கையில் கொண்டுவர வேண்டும், கைப்பேசியை வாசலில் கொடுத்துவிட வேண்டும். என்ன நடக்கப்போகிறது என்று மட்டும் இருக்காது; கேட்டால் சிரிப்புப் பொம்மை ஒன்று பதிலாக வரும். வீட்டில் தொடங்கி, பப் பப்பாகப் போய், கடைசியில் மாணவர் சங்க பாருக்கு. நடுவில் விதிகள். இடது கையால் குடிக்க வேண்டும், பெயர் சொல்லி அழைக்கக் கூடாது, தப்பு செய்தால் அபராதம். அபராதம் என்பது இன்னொரு கிளாஸ். சுற்றி நின்று முப்பது பேர் கைதட்டிக் கத்த, ஒரே மடக்கில் முடிக்க வேண்டும். வாந்தி எடுக்க வாளி தயாராக இருக்கும். வாளியை முன்கூட்டியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்றால் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதை அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

2006 நவம்பரில் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் கோல்ஃப் சங்கத்தினர் நடத்திய இப்படியொரு இரவில் 18 வயது மாணவர் ஒருவர் இறந்தார். பத்தாண்டு கழித்து, 2016 டிசம்பரில், நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் 20 வயது மாணவர். அவர் சேர்ந்தது விளையாட்டு கிளப் அல்ல, வேளாண் மாணவர் சங்கம். ஆனால் நடந்த சடங்கு அச்சு அசல் அதுவே. முதல் பாரிலேயே மாணவர்கள் 100 டிரிபிள் வோட்கா வாங்கினார்கள் என்று மரண விசாரணையில் தெரியவந்தது. புதியவர்களின் தலையை மழித்தார்கள். நினைவிழந்தவரை ஒரு வீட்டின் நடைவழியில் படுக்கவைத்து, தூங்கித் தெளியட்டும் என்று விட்டார்கள். அவர் ரத்தத்தில் இருந்த ஆல்கஹால், அங்கே வாகனம் ஓட்ட அனுமதிக்கப்பட்ட அளவைப் போல் ஐந்து மடங்கு. இப்படிப்பட்ட சடங்குகளை அந்தப் பல்கலைக்கழகம் ஏற்கெனவே தடை செய்திருந்தது. விசாரணை 2018 அக்டோபரில் முடிந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் பொது அமைப்பு, நியூகாஸிலோடு சேர்ந்து, இந்தச் சடங்குகளைப் பற்றி எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஓர் அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது.

டிரிபிள் என்றால் என்னவென்று குடிக்காத வீட்டிலிருந்து போகும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால் விவரமாகவே சொல்கிறேன். அந்த நாட்டுப் பப்களில் வோட்கா போன்ற மதுவின் ஓர் அளவு பொதுவாக 25 மி.லி.; அதில் சுத்த ஆல்கஹால் 10 மி.லி. இதை ஒரு யூனிட் என்பார்கள். டிரிபிள் என்பது 75 மி.லி., மூன்று யூனிட். ஜூஸ் கலந்து கொடுத்தால் நாலு வாயில் உள்ளே போய்விடும். ஆரோக்கியமான பெரியவர் ஒருவரின் உடலிலிருந்து ஒரு யூனிட் வெளியேற சுமார் ஒரு மணி நேரம் ஆகும். வாரம் முழுவதற்கும் சேர்த்து 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது பிரிட்டிஷ் அரசு மருத்துவர்களின் அறிவுரை. ஐந்து டிரிபிள் குடித்தால் 15 யூனிட். ஒரு வாரத்துக்கான உச்ச அளவு ஒரு மணி நேரத்தில் தாண்டப்பட்டுவிடும். உடல் அதை வெளியேற்ற அடுத்த நாள் பகல்வரை ஆகும். இதைவிட ஆபத்தானது இன்னொன்று. குடிப்பதை நிறுத்திய பிறகும், வயிற்றில் இருப்பது ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். படுக்கவைத்தபோது உளறிக்கொண்டிருந்தவர் ஒரு மணி நேரம் கழித்து மூச்சு விட மறக்கலாம். புரையேறினால் இருமித் தள்ளும் இயல்பும் அதற்குள் மங்கிவிடும். ‘தூங்கட்டும், சரியாகிவிடும்’ என்பது உயிரைக் குடித்த வார்த்தை.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ராகிங் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைக்கிறோம். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை ஒரு தலைமுறையே மறக்கவில்லை. அதன் பின்தான் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997இல் வந்தது. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பொறியியல் மாணவர் ஒருவர் ராகிங்கில் கடும் உடற்பயிற்சி செய்யவைக்கப்பட்டு, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். இலங்கை 1998இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. இந்த நினைவுகளில் ராகிங்குக்கு ஒரு முகம் இருக்கிறது. மிரட்டும் சீனியர், இரவில் தட்டப்படும் விடுதிக் கதவு, அதட்டல். அது வந்தால் அடையாளம் தெரியும், வீட்டுக்குச் சொல்லத் தோன்றும். பிரிட்டிஷ் கிளப்பில் வருவதற்கு அந்த முகம் இல்லை. தோளில் கை போட்டு, ‘நீ இனி நம்ம ஆளு’ என்று சொல்லிக்கொண்டே வரும். கையில் கொடுக்கும் கிளாஸைப் பரிசாகக் கொடுப்பார்கள். வேண்டாம் என்பது, நீட்டிய நட்பைத் தட்டிவிடுவதுபோல் ஆகிவிடும். சொந்தபந்தத்தை விட்டு எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்திருக்கும் பிள்ளைக்கு, மிரட்டலை எதிர்ப்பதைவிட இந்த அன்பை மறுப்பது கடினம். பிரிட்டனில் இதற்கென்று நம்முடையதைப் போலத் தனிச் சட்டமும் இல்லை.

நடந்தது என்னவென்று நடந்த பிறகும் புரிவதில்லை என்பதற்கு எண் இருக்கிறது. அமெரிக்காவில் மெய்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 53 கல்லூரிகளில் 11,482 மாணவர்களிடம் கேட்டு 2008இல் வெளியிட்ட அறிக்கை அது. அணி, கிளப், சங்கம் எதிலாவது இருந்தவர்களில் 55 சதவீதம் பேர், அவமானப்படுத்துவதோ ஆபத்தானதோ ஆன ஏதாவதொரு சடங்கைக் கடந்திருந்தார்கள். அப்படிக் கடந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர், தாங்கள் ராகிங் செய்யப்பட்டதாகவே கருதவில்லை. ராகிங்தான் என்று ஒப்புக்கொண்டவர்களிலும் 95 சதவீதம் பேர் கல்லூரியிடம் சொல்லவில்லை.

இதன் காரணத்தை அரை நூற்றாண்டுக்கு முன்பே உளவியல் காட்டியிருக்கிறது. 1959இல் எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் இருவரும் 63 மாணவிகளை ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர அழைத்தார்கள். சிலர் சேர்வதற்கு முன், கூச்சப்படவைக்கும் ஆபாசச் சொற்களை ஆண் ஆய்வாளர் முன் உரக்கப் படிக்க வேண்டும். சிலருக்கு லேசான சோதனை, சிலருக்கு எதுவுமில்லை. பிறகு எல்லோருக்கும் அந்தக் குழுவின் பேச்சைக் கேட்கக் கொடுத்தார்கள். வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி தயாரிக்கப்பட்ட பேச்சு. அதிகம் கூசிக்குறுகியவர்கள்தான் அதை மிகவும் சுவையானது என்று மதிப்பிட்டார்கள். இவ்வளவு பட்டது வீண் என்று ஒப்புக்கொள்ள மனம் வராது. அதனால் பட்டுப் பெற்றதை உயர்த்திக்கொள்ளும். சடங்கு முடிந்த மறுநாள் புதியவர்களிடம் தெரியும் நெகிழ்ச்சியை நான் அவ்வளவு எளிதில் நட்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த நெகிழ்ச்சிதான் அடுத்த ஆண்டு அவர்களையே கையில் பாட்டிலோடு மறுபக்கம் நிற்கவைக்கிறது. புதியவர்களை வரவேற்கும் இரவை ஏற்பாடு செய்பவர் பெரும்பாலும் கிளப்பின் ‘சோஷியல் செக்ரட்டரி’. வயது 19 அல்லது 20, சென்ற ஆண்டு அதே வாளிக்கு முன் நின்றவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. முப்பது பேரின் உயிர் தன் பொறுப்பில் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

குடி இல்லாத கிளப் என்றால் கவலை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பேராதனை மாணவரைக் கொன்றது மது அல்ல. தண்டனையாகவோ, ‘மனவலிமைச் சோதனை’யாகவோ கொடுக்கப்படும் அளவு மீறிய பயிற்சியில் தசை இழைகள் சிதைந்து, அவற்றின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். மருத்துவர்கள் இதை ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். பயிற்சி பெற்ற உடலையும் இது விடாது. 2011 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியில் 13 பேர் கடுமையான ஸ்குவாட் பயிற்சிக்குப் பின் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 2024 செப்டம்பரில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக லாக்ராஸ் அணியில் ஒன்பது பேருக்கு, ஒரே ஒரு பயிற்சியில் இதே நிலை. இவை இரண்டும் சடங்கு அல்ல, மேற்பார்வையோடு நடந்த பயிற்சிகள். மேற்பார்வை இல்லாமல், நீண்ட விடுமுறைக்குப் பின் வந்த முதலாண்டு மாணவரிடம் ‘இன்னும் நூறு’ என்று சொன்னால் என்னவாகும் என்று யோசியுங்கள். கடும் பயிற்சிக்கு அடுத்த ஒன்றிரண்டு நாளில் தசை வீங்கி வலிப்பதோடு, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனை.

சரி, எந்தக் கிளப் எப்படி என்று பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள முடியுமா? பெரும்பாலும் முடியும். இலவச ஆட்ட நாளில் தொடக்கக்காரர்களுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பந்தைப் பிடிக்கத் தெரியாதவரோடு நின்று நேரம் செலவழித்தால் நல்ல அறிகுறி. குடிக்காத உறுப்பினர் யாராவது இருக்கிறாரா, அவர் கமிட்டியில் இருக்கிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். பெண்களைப் பற்றி, ஓரினச் சேர்க்கையாளர்களைப் பற்றி அந்த மேசையில் என்ன பேச்சு நடக்கிறது என்பதும் ஓர் அளவுகோல். லண்டன் பொருளியல் பள்ளியின் ஆண்கள் ரக்பி கிளப் 2014இல் வரவேற்பு வாரத்தில் கொடுத்த துண்டறிக்கை அத்தனை மோசமாக இருந்ததால், மாணவர் சங்கம் அந்தக் கல்வியாண்டுக்கு அதைக் கலைத்தது. புதியவர்களுக்கான இரவில் என்ன நடக்கும் என்று கேட்டால் தெளிவான பதில் வர வேண்டும். ‘வந்து பார்’ என்பது பதில் அல்ல. தடை இருப்பதால் பெயரை மாற்றி ‘வெல்கம் டிரிங்க்ஸ்’ என்று வைப்பதும் உண்டு. பெயரைப் பார்க்காதீர்கள், கட்டாயம் இருக்கிறதா என்று பாருங்கள். மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்க முடியும், அதில் பெரும்பகுதி மாலை ஷிஃப்ட். ‘புதன் இரவு எனக்கு வேலை இருக்கிறது, பயிற்சிக்கு மட்டும் வருவேன்’ என்று சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் வேனில் உங்களுக்கு இடம் வைத்திருக்கும் கிளப்தான் சேர வேண்டிய கிளப்.

இன்னொரு வழியும் எப்போதும் திறந்திருக்கிறது. போய்ச் சேர்ந்த பிறகும், பாதி இரவில்கூட, கிளம்பி வந்துவிடலாம். உறுப்பினர் கட்டணம் போனால் போகட்டும். ஒரே கட்டடத்தில் பேட்மின்டனும் டேபிள் டென்னிசும் மலையேற்றமும் இருக்கும். அணிகளில் இடம் கிடைக்காதவர்களுக்குப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நடக்கும் சமூக லீக்குகளும் உண்டு. அங்கே சேரும் மணி நேரமும் அதே 50, 90, 200 கணக்கில்தான் சேரும்.

கூட வந்தவர் விழுந்துவிட்டால் செய்ய வேண்டியது இது. எழுப்பினால் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து விநாடிக்கு மேல் இடைவெளி, தோல் சில்லிட்டு உதடு நீலம் பூத்திருக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அங்குள்ள அவசர எண் 999ஐ அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூச்சுப் பாதை திறந்திருக்கும்படி பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும். மல்லாக்கப் படுக்கவைக்கக் கூடாது. காபி கொடுப்பது, குளிர்ந்த நீரில் குளிப்பாட்டுவது, நடக்கவைப்பது எதுவும் ரத்தத்திலிருக்கும் ஆல்கஹாலைக் குறைக்காது. புரையேறவும், உடல் மேலும் குளிரவுமே வழி செய்யும். மூச்சு நின்றால் தொலைபேசியில் இருப்பவர் சொல்லச் சொல்ல நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும்.

நம் பிள்ளைகள் இந்த இடத்தில் தயங்குவதற்கு இரண்டு பயங்கள் காரணம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் ஆயிரக்கணக்கில் பில் வரும் என்பது ஒன்று, விசாவுக்கு ஏதாவது வந்துவிடும் என்பது மற்றொன்று. ஆம்புலன்ஸ் அங்கே இலவசம். அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பதற்கும் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு வார்டில் சேர்க்க நேர்ந்தாலும், விசா விண்ணப்பத்தோடு ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் என்று கட்டியிருப்பார்கள், அது இதற்குத்தான். நண்பருக்காக ஆம்புலன்ஸை அழைத்ததற்காக எந்த மாணவரின் விசாவும் பறிக்கப்படுவதில்லை. பிள்ளையை விமானம் ஏற்றிவிடும் பெற்றோர் ஸ்வெட்டர், பருப்புப் பொடியோடு இந்த இரண்டையும் சொல்லி அனுப்ப வேண்டும். குடிப்பதைப் பற்றி வீட்டில் பேசும் வழக்கம் இல்லை என்பதற்காக இதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.